பீப் சத்தத்துக்குக் காத்திருந்தவர்

கத்தியோடு வந்த அட்டை மனிதன் சக்கரத்தில் உருண்டு வந்து வெர்ல் டாக்கெட்டின் நெஞ்சில் முட்டி நின்றான். வெர்ல் அவனைக் கீழே விழாமல் தோளைப் பிடித்து நேராக நிறுத்தினார்.

"செத்துட்டே," என்றார் கஸ் ப்ராம்லெட்.

"தெரியுது."

"கை இடுப்புக்குக்கூடப் போகலையே. என்னய்யா பண்ணிட்டிருந்தே?"

"காத்துட்டிருந்தேன்."

"எதுக்கு?"

வெர்ல் தயங்கினார். பின்னால் வரிசையில் நின்ற ஐந்து மாணவர்களும் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

"பீப் சத்தத்துக்கு."

கஸ் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். முப்பது வருடம் ஷெரிஃப் அலுவலகத்தில் குப்பை கொட்டிவிட்டு, இப்போது தன் மேய்ச்சல் நிலத்தின் ஒரு மூலையில் சனிக்கிழமைதோறும் தற்காப்புச் சுடுபயிற்சி நடத்துகிற மனிதர் அவர். பலவிதமான மாணவர்களைப் பார்த்தாயிற்று. துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்தவர்கள் உண்டு. அட்டை மனிதனிடம் மன்னிப்புக் கேட்டவர்கள்கூட உண்டு.

"வெர்ல், கொலைகாரன் பீப் அடிச்சுட்டு வரமாட்டான்."

"எனக்குத் தெரியும் கஸ். என் கைக்குத்தான் தெரியல."

அவர் சொன்னது உண்மை. எங்கள் ஹார்லோ கவுண்டியில், ஏன், ஓக்லஹோமாவின் இந்தப் பாதியில், பந்தயத் துப்பாக்கிச் சுடுதலில் வெர்லை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. வீட்டில் முப்பத்தொரு கோப்பைகள். கூடத்து அலமாரி நிறைந்து, குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஏறி, கடைசி இரண்டு சமையலறை ஜன்னலைத் திறந்து வைக்க முட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கின்றன.

பந்தயத்தில் சுடுவதற்கு முன் ஐந்து நிமிடம் தருவார்கள். வெறுங்கையோடு களத்துக்குள் நடந்து பார்க்கலாம். எந்தத் தடுப்புக்குப் பின்னால் எத்தனை அட்டை, எங்கே கால் வைப்பது, எங்கே திரும்புவது எல்லாம் மனதில் ஏற்றிக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் பரபரவென்று நடப்பார்கள். வெர்ல் கண்ணை மூடிக்கொள்வார். ஜூன் மாதத்தில் காட்டன்வுட் மரங்களின் பஞ்சு காற்றில் மெதுவாக இறங்கிக்கொண்டிருக்கும். அதற்கு நடுவே இரண்டு விரலை நீட்டியபடி, தூக்கத்தில் நடப்பவர் போல அவர் மிதந்து போவார். அப்புறம் நடுவர் "காத்திரு" என்பார். குண்டுகளையும் விநாடிகளையும் எண்ணுகிற டைமர் பீப் என்று ஒரு தடவை கத்தும். அந்தச் சத்தத்துக்கும் கடைசிக் குண்டுக்கும் நடுவே என்ன நடந்தது என்று வெர்லுக்கே நினைவிருக்காது. துப்பாக்கியைக் காலி செய்து நடுவரிடம் காட்டிவிட்டுக் கண்ணைச் சிமிட்டுவார். அட்டைகளில் நடு வளையம் மட்டும் கிழிந்திருக்கும்.

மீதி நேரமெல்லாம் அவர் எங்கள் ஊரின் மிக மெதுவான மனிதர். தானியக் கிடங்கில் எடை மேடை அவர் பொறுப்பு. லாரியை மேடையில் ஏற்றிவிட்டு, அவர் சீட்டு எழுதி முடிப்பதற்குள் ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிடலாம் என்று விவசாயிகள் சொல்வார்கள். அவருக்கு அவர்கள் வைத்த பெயர் 'அட்டைக்கு எமன்'.

அந்தப் பெயர் அவரை உறுத்தியது. வெளியே சொன்னதில்லை. வசந்த காலத்தில் தேவாலயத்துக் கதவருகே துப்பாக்கியோடு காவல் நிற்கிற பெரியவர் முட்டி வலி தாங்காமல் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அந்த இடத்துக்கு யார் என்று கேள்வி வந்ததும் சபையே வெர்லைத் திரும்பிப் பார்த்தது. கஸ்ஸிடம் நான்கு வாரம் படித்துச் சான்றிதழ் வாங்க வேண்டும், அவ்வளவுதான். வெர்ல் உடனே ஒப்புக்கொண்டார். அவர் மனைவி நெல்டாதான் தேவாலயத்தில் பியானோ வாசிப்பவள். வாசிக்கும்போது அவள் முதுகு கதவுப் பக்கம் இருக்கும். முப்பத்தொரு கோப்பை வாங்கின கை, ஒரு தடவையாவது அந்த முதுகுக்குக் காவலாக இருக்கட்டுமே என்று அவர் ஆசைப்பட்டார். ஆசை என்று சொன்னால் போதாது. பல வருடங்களாக அவர் எதையும் அப்படி விரும்பியதில்லை.

முதல் சனிக்கிழமை மாலை நெல்டா சமையல் மேசையில் பீன்ஸ் உடைத்துக்கொண்டிருந்தாள்.

"வகுப்பு எப்படி?"

"செத்துட்டேன்."

"எத்தனை தடவை?"

"நாலு."

"பாவம்," என்று ஒரு பீன்ஸை உடைத்தாள். "சத்தம் கேட்டாத்தான் கை போகுதுன்னா, சத்தம் எப்ப வரும்னு தெரியாத மாதிரி பழகிக்கோயேன். அந்த டைமர்ல, தானா எப்பவாவது அடிக்கிற மாதிரி வைக்க முடியும்ல? சட்டைப் பையில போட்டுக்கோ. எங்க போனாலும் கூட இருக்கட்டும்."

"எங்க போனாலுமா?"

"கொள்ளைக்காரன் நேரம் காலம் பாத்தா வரான்?"

வெர்லுக்கு மனைவியின் புத்திசாலித்தனத்தில் பெருமையாக இருந்தது. உள்ளங்கை அளவு மஞ்சள் டைமரைப் பையில் போட்டுக்கொண்டார். துப்பாக்கியைப் பெட்டியில் பூட்டிவிட்டு, விரல்களை மட்டும் வைத்துப் பழகினார். பல் தேய்க்கும்போது அடித்தது. எடை மேடையில் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை, திருவிருந்து நேரத்தில், சபை முழுவதும் கண்ணை மூடி மௌனமாக இருந்தபோதும் அடித்தது.

அப்போது வெர்லின் மடியில் திராட்சைச் சாறு நிறைந்த சின்னக் கிண்ணங்களின் தட்டு இருந்தது. நாற்பது கிண்ணங்கள்.

அடுத்த இரண்டு விநாடி நடந்ததைச் சபையில் பாதிப்பேர்தான் பார்த்தார்கள். மீதிப்பேர் பக்தியோடு கண்ணை மூடியிருந்தார்கள். தட்டு பறந்தது. வெர்லின் விரல்கள் போதகர் ஹோலிஸுக்கு இரண்டு, பாடகர் குழுவில் ஆளுக்கு இரண்டு என்று பங்கு வைத்தன. பிறகு அவர் இல்லாத துப்பாக்கியைக் காலி செய்து, பக்கத்திலிருந்த பல் டாக்டரிடம் வெறும் உள்ளங்கையைக் காட்டினார். பல் டாக்டர் என்ன செய்வதென்று தெரியாமல் தலையாட்டினார். அதற்குப் பிறகுதான் வெர்ல் கண்ணைச் சிமிட்டினார்.

போதகரின் வெள்ளைச் சட்டையிலிருந்து ஊதாத் துளிகள் சொட்டிக்கொண்டிருந்தன.

"வெர்ல், உனக்கு ஆர்வம் இருக்கு. அது நல்லாவே தெரியுது," என்றார் அவர்.

பியானோ முன்னால் நெல்டாவின் தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று நினைத்து வெர்ல் கூனிக்குறுகிப்போனார். வீட்டுக்குப் போகும் வழியில் காரில் அவள் கையை நீட்டினாள்.

"அந்த டைமரைக் குடு. இனிமே அது என்கிட்ட இருக்கட்டும்."

மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டார்.

இரண்டாவது சனிக்கிழமை ஓர் ஆச்சரியம் நடந்தது. டைமர் பக்கத்தில் இல்லாததாலோ என்னவோ, கை கொஞ்சம் இளகியது. கஸ் "கத்தி" என்று கத்தியதும் துப்பாக்கி வெளியே வந்தது. ஆனால் அடுத்த பயிற்சி, பலகைச் சுவர் வைத்துக் கட்டிய ஒரு பொய் வீடு. வாசலில் வெர்ல் நின்றுகொண்டார்.

"உள்ள போய்யா."

"அஞ்சு நிமிஷம் சும்மா நடந்து பாத்துட்டு வந்துடட்டுமா கஸ்?"

"எதுக்கு?"

"எத்தனை பேர், எங்க நிக்கிறாங்கன்னு..."

"ஆமாமா. திருடன் வீட்டுப் படம் வரைஞ்சு, எந்த சோபாவுக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கேன்னு குறிச்சுத் தபால்ல அனுப்புவான். போய்யா உள்ள."

போனார். முதல் அறையில் இருந்த இரண்டு அட்டைகளின் இதயத்தையும் ஒரே மூச்சில் துளைத்தார். துப்பாக்கியைக் காலி செய்தார். காலி என்று சுவரிடம் காட்டினார். கீழே விழுந்த தோட்டாக் கூடுகளைக் குனிந்து பொறுக்க ஆரம்பித்தார். பந்தயக்காரர்கள் யாரும் கூட்டை வீணாக்க மாட்டார்கள்.

அலமாரிக்குப் பின்னாலிருந்து மூன்றாவது அட்டை மனிதன் மெதுவாக உருண்டு வந்து, குனிந்திருந்தவரின் பின்பக்கத்தில் முட்டினான்.

"செத்துட்டே," என்றது வெளியிலிருந்து ஒரு குரல்.

அன்று மாலை நெல்டா நிதானமாக யோசித்துவிட்டுச் சொன்னாள்: "நீ யாரையும் சந்தேகப்படறதே இல்ல வெர்ல். அதான் குறை. எல்லாரையும் சந்தேகப்படு. ஒருத்தர் கையில என்ன இருக்குன்னு தெரியாம பேச்சே வச்சுக்காதே."

"வேலையிலயுமா?"

"அங்கதான் நிறைய பேர் வராங்க."

அந்த வாரம் கோதுமை அறுவடை உச்சத்தில் இருந்தது. கிடங்கு வாசலில் பதினான்கு லாரிகள் நின்றன. வெர்ல் எடை மேடையின் ஜன்னலில் இல்லை. ஜன்னலுக்குக் கீழே இருந்தார். அங்கிருந்து ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி மேலே வந்தது. அப்புறம் குரல் வந்தது.

"கை ரெண்டையும் ஸ்டியரிங் மேல வை."

"வெர்ல், நான்தான்ப்பா. இருபது வருஷமா கோதுமை கொண்டு வரேன்."

"தெரியும். பக்கத்துல மூடி வச்சிருக்கிறது என்ன?"

"என் சாப்பாடு."

"திற, பாப்போம்."

செவ்வாய்க்கிழமைக்குள் வரிசையில் பாதி லாரிகள் பக்கத்து ஊர்க் கிடங்குக்குப் போய்விட்டன. புதன்கிழமை மேலாளர் வெர்லின் தோளில் கை போட்டு, இரண்டு வாரம் வீட்டில் ஓய்வெடுக்கச் சொன்னார். தோளில் கை விழுந்த வேகத்தில் வெர்ல் அவரைத் தரையில் படுக்க வைத்துவிட்டதால், ஓய்வு மூன்று வாரமானது.

அவர் வீட்டுப் பின்புறத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். பஞ்சு விழுந்துகொண்டிருந்தது. எல்லோரையும் சந்தேகப்பட்டுப் பார்த்ததில் அவருக்கு உடம்பே வலித்தது. பந்தயத்தில் அவர் யாரையும் வெறுத்ததில்லை. அட்டைகளோடு அவருக்கு ஒரு பகையும் கிடையாது.

மூன்றாவது சனிக்கிழமை கஸ் துப்பாக்கிகளைத் தொடவே விடவில்லை. எல்லோரையும் மரநிழலில் உட்காரவைத்துக் குளிர்ந்த தேநீர் ஊற்றினார்.

"வெர்ல், உன் பந்தயத்துல ஒரு அட்டையைச் சுடாம விட்டா என்ன ஆகும்?"

"புள்ளி வெட்டுவாங்க. நிறைய."

"இங்க எல்லாத்தையும் சுடாம விட்டுட்டு, நம்ம ஆளையும் கூட்டிட்டு வெளிய வந்துட்டா?"

வெர்ல் யோசித்தார். "தெரியலையே."

"முழு மார்க். முப்பது வருஷத்துல நான் எத்தனை தடவை சுட்டேன் தெரியுமா? ஒண்ணு. அதை நினைச்சா இன்னைக்கும் தூக்கம் வரல. கதவு திறந்திருந்தா அவனைப் போக விடு. பை வேணுமா, குடு. நடுவுல நில்லு, மெதுவா பேசு, நகரு. அவ்வளவுதான்யா வித்தை."

வெர்லின் தேநீர் கையிலேயே நின்றது. கண்ணை மூடினார். அவருக்குள் ஒரு களம் விரிந்தது. தடுப்புகள் இருந்தன, அட்டைகள் இருந்தன. அவற்றுக்கு நடுவே அவர் நடந்துபோனார். யாரையும் சுடவில்லை. எல்லா அட்டைகளும் அவர் கடந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தன. மறுபக்கத்தில் பியானோ கேட்டது. இத்தனை வருடத்தில் இப்படி ஓர் அழகான ஓட்டம் அவர் மனதில் ஓடியதே இல்லை. கண் திறந்தபோது மற்றவர்கள் எழுந்து போய்விட்டிருந்தார்கள்.

வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"நெல்டா, புரிஞ்சுடுச்சு."

"என்ன?"

"சுட வேண்டாம். நடுவுல நின்னா போதும். உனக்கும் கதவுக்கும் நடுவுல நான் நிக்கணும், அவ்வளவுதான். அதுக்குப் பீப்பும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். அடுத்த வாரம் பாஸ்தான்."

பாத்திரத்தைக் கிளறிக்கொண்டிருந்த நெல்டாவின் கரண்டி நின்றது. ரொம்ப நேரம் நின்றது.

"சந்தோஷம்," என்றாள்.

வெள்ளிக்கிழமை அவள் பெரிய பாத்திரத்தில் பீச் பழம் போட்டுக் காப்ளர் என்கிற இனிப்பு செய்தாள். வீடே மணத்தது. வெர்ல் ஸ்பூனை எடுத்துக்கொண்டு வந்தபோது அவர் கையைத் தட்டிவிட்டாள்.

"இது ட்ரூடிக்கு. பாவம், மாசாமாசம் கஸ்ஸோட பரீட்சையில கொள்ளைக்காரியா நடிச்சு, சாயக் குண்டா வாங்கிக்கிறா."

ட்ரூடி நெடுஞ்சாலை ஓரத்து உணவகத்தின் முதலாளி. எல்லோரையும் 'கண்ணு' என்றுதான் கூப்பிடுவாள். கஸ்ஸின் கொட்டகையில் கடை மாதிரி அமைத்து நடக்கும் கடைசிப் பரீட்சையில் பஞ்சு அடைத்த அங்கியும் முகமூடியும் போட்டுக்கொண்டு வந்து, கடையைக் கொள்ளையடிப்பது அவள் பொழுதுபோக்கு.

நான்காவது சனிக்கிழமை வெர்லுக்கு முன்னால் ஐந்து பேர் உள்ளே போனார்கள். முதல் ஆள் கல்லாவிலிருந்த பொம்மையைச் சுட்டார். இரண்டாவது ஆள் ஐஸ்கிரீம் விளம்பரத்தில் சிரித்துக்கொண்டிருந்த அட்டை ஆளைச் சுட்டார். அன்று தேவாலயத்தில் இருந்த பல் டாக்டரும் இதே வகுப்பு; அவர் மட்டும் தேறினார். அவர் பயந்து வெளியே ஓடி வந்துவிட்டார், அதற்குத்தான் மார்க்.

வெர்ல் முகமூடியை மாட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தார். இடுப்பில் சாயக் குண்டுத் துப்பாக்கி. ஒரு மூலையில் கஸ், அவரும் முகமூடியோடு, அட்டையில் பேப்பரைச் செருகிப் பென்சிலோடு நின்றார். கல்லாவில் ஒரு பொம்மை, அலமாரிகளுக்கு நடுவே வாடிக்கையாளர்களாக இரண்டு பொம்மைகள்; அதில் ஒன்றுக்கு நீலக் கவுன்.

ட்ரூடி உள்ளே பாய்ந்து வந்தாள். "யாரும் அசையக் கூடாது. கல்லாவைத் திற."

வெர்ல் அசைந்தார். ஆனால் கை இடுப்புக்குப் போகவில்லை. கனவில் நடப்பது போல இரண்டே அடி பக்கவாட்டில் வைத்து, நீலக் கவுனுக்கும் ட்ரூடிக்கும் நடுவே போய் நின்றார். உள்ளங்கைகளைத் தாழ்வாக விரித்தார்.

"எடுத்துக்கோ," என்றார் மெதுவாக. "யாரும் உன்னைத் தடுக்கல. உனக்குப் பின்னாடி கதவு திறந்திருக்கு."

கதவு வழியாக ஒரு துண்டுப் பஞ்சு மிதந்து வந்து அலமாரி மேல் உட்கார்ந்தது. கஸ்ஸின் பென்சில் தாளில் 'தேர்ச்சி' என்ற கட்டத்தை நோக்கி இறங்கியது. முப்பது வருடத்தில் இவ்வளவு சரியாக அதை யாரும் செய்து அவர் பார்த்ததில்லை. ட்ரூடிகூட ஒரு கணம் அப்படியே நின்றுவிட்டாள்.

அப்போது எங்கிருந்தோ ஒரு பீப் சத்தம் கேட்டது.

என்ன நடந்தது என்று வெர்லுக்கு நினைவில்லை. துப்பாக்கியைக் காலி செய்து கஸ்ஸிடம் காட்டிவிட்டு அவர் கண்ணைச் சிமிட்டியபோது, ட்ரூடியின் நெஞ்சில் இரண்டு பச்சைப் புள்ளிகள் இருந்தன. கல்லாப் பொம்மைக்கு இரண்டு. வாடிக்கையாளர்களுக்கு ஆளுக்கு இரண்டு. ஐஸ்கிரீம்காரருக்கு இரண்டு. கஸ்ஸின் சட்டைப் பைக்கு மேலே, இதயத்துக்கு நேராக, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இரண்டு.

கஸ் குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தார்.

"அடிச்சது யாரு?"

"நான்தான்," என்றார் வெர்ல்.

"பீப்பைக் கேக்கறேன்யா."

யாருடைய கைக்கடிகாரமாகவாவது இருக்கும் என்று கஸ் முனகினார். பென்சிலை எடுத்து வேறு கட்டத்தில் குறித்தார்.

"மன்னிச்சுக்கோ வெர்ல். தேவாலயத்துல யாராவது போன் அடிச்சா என்ன ஆகும்? அம்பது பேர் உக்காந்திருப்பாங்க. இந்த ஜென்மத்துல உனக்கு நான் கையெழுத்துப் போட முடியாது."

வெர்ல் தலையாட்டினார். வெளியே போய்த் தன் பிக்கப் வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்தார். வெயில் மஞ்சளாக இருந்தது. பஞ்சு தலையிலும் மடியிலும் விழுந்தது; தட்டிவிடத் தோன்றவில்லை. ஐம்பத்தெட்டு வயதில் அழுகை வரும் என்று அவர் நினைத்திருக்கவில்லை.

ட்ரூடி முகமூடியைக் கழற்றிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். துணியால் பச்சைச் சாயத்தைத் துடைத்தாள்.

"நல்லாத்தானே பண்ணினே கண்ணு."

"அவ முதுகுக்குப் பின்னாடி ஒரு ஆள் நிக்கணும் ட்ரூடி. வேற ஒண்ணும் நான் கேக்கல. இப்ப அவகிட்ட போய் எப்படிச் சொல்றது? மூணு வாரமா எனக்காக எவ்வளவு யோசனை சொன்னா தெரியுமா?"

ட்ரூடி துடைப்பதை நிறுத்தினாள். அவரைப் பார்த்தாள். வயலைப் பார்த்தாள். திரும்பவும் அவரைப் பார்த்தாள்.

"சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்," என்றாள். "ஆனா உன் மூஞ்சியைப் பாத்துட்டு என்னால முடியல."

அங்கியின் பைக்குள் கைவிட்டு, உள்ளங்கை அளவில் மஞ்சளாக ஒன்றை எடுத்து அவர் மடியில் வைத்தாள். பழக்க தோஷத்தில் வெர்ல் முதலில் எண்ணைத்தான் பார்த்தார். பன்னிரண்டு குண்டு, மூன்றே விநாடி. வாழ்நாளில் அவர் அவ்வளவு வேகமாகச் சுட்டதில்லை.

"நெல்டாதான் காப்ளர் பாத்திரத்துக்கு அடியில வச்சுக் குடுத்தா கண்ணு, நீ பாஸாகிற மாதிரி தெரிஞ்சா உடனே அமுக்கச் சொல்லி. 'மூணு வாரமா என்னென்னவோ யோசனை சொல்லிப் பாத்துட்டேன் ட்ரூடி, அப்படியும் தேறிடுவான் போலிருக்கு; அவன் அட்டையையே சுட்டுட்டுக் கெடக்கட்டும், அட்டை திருப்பிச் சுடாது'ன்னா."